பீரோவில் பத்திரமாக இருக்கும் ஒரிஜினல்

மனிதன் கால் படாத இடத்தைப் பார்க்க வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவள் என் நாத்தனார். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் சோபாவில் சாய்ந்துகொண்டு செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறாள். ஜப்பானின் வடகோடியில் ஒரு தேசியப் பூங்கா. காடு, மலை, கடல், கரடி. கடை கிடையாது, கூட்டம் கிடையாது, குப்பை கிடையாது. பின்னணியில் புல்லாங்குழல். வீடியோ முடிவதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே என் கணவருக்குப் போன் செய்து, "அண்ணா, மனுஷன் கால் படாத இடம்ண்ணா, நாம கட்டாயம் போகணும்" என்றாள். நாங்கள் போய் மிதித்துவிட்ட பிறகு அது எப்படிக் கால் படாத இடமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. ஸ்ரீரங்கத்தை விட்டு நாலு நாள் வெளியே போக வாய்ப்பு வரும்போது தத்துவம் பேசி அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

போனது நாலு பேர். நாத்தனார், அவள் கணவர், என் கணவர், நான். நாத்தனாரின் கணவரை எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம். கல்யாணமாகி எவ்வளவோ காலமாகிவிட்டது, தலையில் முக்கால்வாசி காலியாகிவிட்டது, அவர் இன்னும் மாப்பிள்ளைதான். ஓய்வு வயது இல்லாத ஒரே பதவி அது. கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் பெரிய இன்ஜினியர். உலகத்தில் எது எப்படி இயங்குகிறது என்று நாம் அவரிடம் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். என் கணவர் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பெண்கள் பள்ளி ஒன்றில் புவியியல் டீச்சராக இருந்தவள். ஜப்பானின் பெரிய தீவுகளை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது ஹொக்கைடோ. அதன் வலது ஓரத்தில் சாக்பீஸைக் கொஞ்சம் இழுத்து ஒரு மூக்கு வைப்பேன். அந்த மூக்குக்குத்தான் போகப் போகிறோம் என்று தெரிந்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் என்னுடைய பெரிய ஆசை ஜப்பானில் இல்லை. அது எங்கள் அபார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் டெஸ்ட்டிலேயே பாஸாகி லைசென்ஸ் வாங்கினேன். அதற்குப் பிறகு எங்கள் காரை நான் ஓட்டியது இரண்டே தடவை. இரண்டு தடவையும் என் கணவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். இரண்டாவது தடவை பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் லேசாக உரசிவிட்டது. பின்கதவில் ஒரு கோடு. அவ்வளவுதான், சாவி அவருடைய பேன்ட் பாக்கெட்டுக்குப் போய்விட்டது.

அந்தக் கோட்டுக்கு அவர் பெயின்ட் அடிக்கவே இல்லை. மற்றபடி காரில் காக்கை எச்சம் விழுந்தால்கூட ஈரத்துணியோடு ஓடுகிற மனிதர், இதை மட்டும் அப்படியே வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களை வழியனுப்பக் கீழே வரும்போது விரலால் அதைத் தடவிக் காட்டுவார். "இது நம்ம டீச்சரம்மா போட்ட கோலம்." வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், உள்ளுக்குள் எரியும். காவேரிப் பாலத்தில் இரண்டு பஸ்களுக்கு நடுவே என் ஸ்கூட்டியில் நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வரலாம். அதில் யாருக்கும் கவலை இல்லை. நாலு சக்கரமும் ஒரு கூரையும் சேர்ந்துவிட்டால் மட்டும் நான் ஆபத்தானவள் ஆகிவிடுவேன். "கார்னா வேறம்மா. ரிவர்ஸ் உனக்கு வராது" என்பது அவருடைய தீர்ப்பு. அப்பீலுக்கு இடம் இல்லை.

இந்த இடத்தில் அவருடைய இன்னொரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். துறையூர் கிளையில் இருந்த காலத்தில் பத்திரத்தைத் தொலைத்துவிட்டு வந்து அழுதவர்களை நிறைய பார்த்திருக்கிறாராம். அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்த ஒரிஜினலும் வெளிக்காற்றைச் சுவாசித்தது கிடையாது. ஆதார், ரேஷன் கார்டு, ஆர்.சி. புக், லைசென்ஸ் எல்லாம் பீரோவின் உள்லாக்கரில். வெளியே நடமாடுவது கலர் ஜெராக்ஸ், லேமினேஷன் போட்டது. இது அவருடைய தனிப்பட்ட கிறுக்கு என்று நினைக்க வேண்டாம். திருச்சியில் பாதிப் பேர் பர்ஸில் இருப்பது ஜெராக்ஸ்தான். போலீஸ் கேட்டால் அதைத்தான் நீட்டுவார்கள். போலீசும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வார். அவர் வீட்டிலும் ஒரு பீரோ இருக்கும்.

என்னுடைய லைசென்ஸ் மட்டும் ஒரிஜினலாகவே என் கைப்பையில் கிடந்தது, பஸ் டிக்கெட்டுகளோடும் ஹேர்பின்னோடும். அதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஜப்பானில் கார் ஓட்ட சர்வதேசப் பர்மிட் வேண்டும். என் கணவர் ஒரு ஏஜென்டைப் பிடித்தார். ஏஜென்ட், "எதுக்கும் மேடத்துக்கும் ஒண்ணு போட்டுடுங்க சார், ஒரே அலைச்சல்தான்" என்றான். இவரும் பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தார். "சரி, கிடக்கட்டும். ஸ்டெப்னி டயர் மாதிரி" என்றார். மாப்பிள்ளை பர்மிட் வாங்கவில்லை. அவருக்குக் கம்பெனி டிரைவர் உண்டு, ஸ்டியரிங்கைத் தொட்டே பல வருஷம் ஆகிறது.

தேதியை முடிவு செய்தது மாப்பிள்ளை. இலைகள் எந்த வாரத்தில் சிவக்கும், எந்த வாரத்தில் உதிரும் என்று எக்ஸெல் ஷீட் போட்டு டிக்கெட் எடுத்தார். எடுத்த பிறகு நாத்தனார் காலண்டரைப் புரட்டிப் பார்த்தாள். புரட்டாசி. எங்கள் குடும்பத்தில் புரட்டாசியில் யாரும் கவுச்சி தொடமாட்டோம். உலகத்தில் மீனையும் நண்டையும் மட்டுமே நம்பி வாழ்கிற ஒரு கடற்கரைக்கு, அதைச் சாப்பிடக் கூடாத ஒரே மாதத்தில் போகிறோம். மாப்பிள்ளையின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். பெட்டியில் அரைவாசி புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அப்பளம், ஊறுகாய்ப் பாக்கெட்டுகள் என்று நிரம்பியது.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து டோக்கியோ, அங்கிருந்து வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு குட்டி விமான நிலையம். டோக்கியோ ரயிலில் என் கணவர் போனில் லால்குடி அத்தானிடம், "ஆமாங்க, ரயில்லதான் இருக்கோம், ஒருத்தனும் பேச மாட்டேங்கிறான்!" என்று கத்தியபோது பெட்டியில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். எங்களைப் பார்க்கவில்லை. அவ்வளவு மரியாதையாக யாரும் எங்களை அவமானப்படுத்தியது கிடையாது.

குட்டி விமான நிலையத்துக்கு எதிரே கார் வாடகைக்குத் தரும் கடை. கவுன்டரில் ஒரு இளம்பெண், எங்களைப் பார்த்ததும் குனிந்து வணங்கினாள். என் கணவர் பாஸ்போர்ட்டையும் பர்மிட்டையும் கம்பீரமாக எடுத்து வைத்து, அதன்மேல் லைசென்ஸை வைத்தார். லேமினேஷன் பளபளத்தது. அவள் அதை எடுத்தாள், விளிம்பைத் தடவினாள், வெளிச்சத்தில் பிடித்தாள். மறுபடியும் குனிந்தாள். பிறகு தன் போனில் ஏதோ சொல்லி எங்கள் பக்கம் நீட்ட, அது தமிழில் பேசியது. "மன்னிக்கவும். அசல் அட்டை தேவை."

"இது ஒரிஜினலோட கலர் ஜெராக்ஸ்மா" என்று இவர் அவளிடம் தமிழிலேயே விளக்கினார். "ஒரிஜினல் வீட்ல பீரோல பத்திரமா இருக்கு." அவள் குனிந்தாள். ஆதார் ஜெராக்ஸை எடுத்துக் காட்டினார். குனிந்தாள். வங்கி ஓய்வூதிய அட்டையைக் காட்டினார், அதுவும் ஜெராக்ஸ்தான். இன்னும் ஆழமாகக் குனிந்தாள். மாப்பிள்ளை நடுவில் புகுந்து, இந்தியாவில் இது சட்டப்படி செல்லும் என்று ஆங்கிலத்தில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அவள் முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குனிந்தாள். அடுத்த கார் கடை பத்துக் கிலோமீட்டர் தள்ளி, நடந்து போக முடியாது. ஹோட்டலுக்குப் போக பஸ் இல்லை. நாலு பேரும் பெட்டிகளோடு நின்றோம்.

நான் கைப்பையைத் திறந்து, ஹேர்பின்னை ஒதுக்கி, என் லைசென்ஸை எடுத்து வைத்தேன். என் பர்மிட்டையும் வைத்தேன். அந்தப் பெண் என் அட்டையை இரண்டு கைகளாலும் வாங்கினாள். பார்த்தாள். சிரித்தாள். உள்ளே போய்ச் சாவியைக் கொண்டு வந்து இரண்டு கைகளாலும் என்னிடம் கொடுத்தாள். ஒரு கார் சாவியை யாரும் என்னிடம் அப்படிக் கொடுத்தது இல்லை. அதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ளும் அளவுக்கு நான் அற்பமானவள்தான்.

என் கணவர் ஜெராக்ஸ்களை ஒவ்வொன்றாகப் பர்ஸில் அடுக்கினார். பிறகு, "ஊருக்குள்ள மட்டும் நீ எடு. அப்புறம் யாரும் பாக்காத இடமா பாத்து நான் வாங்கிக்கிறேன்" என்றார்.

"கரடி புகார் குடுத்துடும்ங்க" என்றேன்.

வண்டியை எடுப்பதற்குள் நாத்தனார் தடுத்தாள். "அண்ணி, எலுமிச்சம்பழம் வெக்காம எப்படி?" புது வண்டியோ வாடகை வண்டியோ, நாலு டயருக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் அவள் எங்கும் போனது கிடையாது. பழம் கொண்டுவர அனுமதி இல்லை என்று ஏற்கெனவே விமானத்தில் சொல்லியிருந்தார்கள். அவள் யோசித்தாள். பெட்டியைத் திறந்து எலுமிச்சை ஊறுகாய்ப் பாக்கெட்டுகளை எடுத்தாள். "உள்ள இருக்கறது எலுமிச்சம்பழம்தானே?" இன்ஜினியரான மாப்பிள்ளை எதிர்ப்பார் என்று பார்த்தேன். அவர் குனிந்து, பாக்கெட்டுகள் டயரின் மையத்துக்கு நேராக இருக்கின்றனவா என்று சரி பார்த்தார். நான் வண்டியை நகர்த்தினேன். நாலு இடத்தில் நாலு சத்தம். ஒரு துரும்புகூட இல்லாத அந்தச் சிமென்ட் தரையில் எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் நாலு பொட்டு வைத்தன. கவுன்டர் பெண் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்போதும் குனிந்தாள் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை டிஷ்யூவால் தரையைத் துடைத்தார். டயரைத் துடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

நாலு நாள் நான்தான் ஓட்டினேன். நம் ஊர் மாதிரியே இடதுபக்கம் ஓட்டுகிற நாடு. சாலை நேராக, சுத்தமாக, காலியாக இருந்தது. ஒரு பக்கம் உருளைக்கிழங்கு வயல், இன்னொரு பக்கம் சாம்பல் நிறக் கடல். சாலையின் இரு ஓரத்திலும் உயரமான கம்பங்களில் சிவப்பு வெள்ளை அம்புகள் கீழ்நோக்கித் தொங்கின. அவசரத்துக்கு ஹெலிகாப்டர் இறங்க அடையாளம் என்று மாப்பிள்ளை விளக்கினார். பனி மூடும்போது சாலையின் ஓரம் எது என்று காட்டுவதற்காக என்று பிறகு ஹோட்டலில் தெரிந்தது. "அதுவும் ஒரு யூஸ்தான்" என்றார்.

காரில் வழி சொல்லும் கருவி ஜப்பானிய மொழியில் பேசியது. மென்மையான பெண் குரல். அவள் ஒரு வாக்கியம் சொல்லி முடித்ததும் என் கணவர் அதைத் தமிழில் மொழிபெயர்த்தார். "லெஃப்ட்ல போகச் சொல்றா." "மெதுவா போகச் சொல்றா." "ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வெக்கச் சொல்றா." அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது என்பது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை. காலும் சும்மா இல்லை. இல்லாத பிரேக்கை அவர் மிதித்த மிதியில் வாடகைக் காரின் மிதியடி சுருண்டுவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் "ஹாரன் அடி, ஹாரன் அடி" என்றார். அந்த நாட்டில் யாரும் ஹாரன் அடிப்பதே இல்லை. நானும் அடிக்கவில்லை. ஹாரன் அடிக்காத வண்டியில் உட்கார்ந்திருப்பது அவருக்கு உடுப்பில்லாமல் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் பூங்காவுக்குள் போனோம். ஷிரெடோகோ என்று பெயர். நான் கரும்பலகையில் வைத்த மூக்கு. ஒரு ஓடையின் மேல் பாலத்தில் நின்று பார்த்தால், கீழே சால்மன் மீன்கள் தண்ணீரே தெரியாமல் மேல்நோக்கி நீந்திக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த பலகையில், கரடி ஒன்று அப்படி ஒரு மீனைக் கவ்விக்கொண்டிருக்கும் படம். மாப்பிள்ளை அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கரடிக்குப் புரட்டாசி இல்லை. மத்தியானம் காருக்குள் உட்கார்ந்து புளிக்காய்ச்சல் சோறு சாப்பிட்டபோதும் அவர் ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடைபாதைக்குப் போகுமுன் ஒரு கட்டடத்தில் எல்லாரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். பச்சைச் சட்டை போட்ட ஒரு அலுவலர், எளிய ஆங்கிலத்தில் சொன்னார். உணவைக் கொண்டுபோகாதீர்கள். உணவின் வாசனைகூட வேண்டாம். கரடிக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. நடக்கும்போது பேசிக்கொண்டே, கைதட்டிக்கொண்டே நடங்கள், மனிதர் வருகிறார் என்று தெரிந்தால் கரடியே விலகிப் போய்விடும். காரில் போகும்போது கரடியைப் பார்த்தால் கண்ணாடியை இறக்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், கிட்டே போகாதீர்கள், மெதுவாக விலகிப் போங்கள். அவர் வாசனை என்று சொன்னபோது நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெளியே வந்ததும் மாப்பிள்ளை ஈர டிஷ்யூவோடு டயருக்கு முன்னால் மண்டி போட்டார். ஒரு நரி முன்பக்கத்து இடது டயரை ஏற்கெனவே முகர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு வேடிக்கையாக இருந்தது வேறு. ஜப்பான் முழுக்க எங்களை வாயை மூடச் சொன்ன தேசம், இந்த ஒரு காட்டில் மட்டும் தயவுசெய்து சத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறது. எங்கள் குடும்பத்தின் திறமைக்கு இப்படி ஒரு சர்வதேச அழைப்பு இனி வராது. ஆனால் அன்றைக்குப் பார்த்து யாருக்கும் யாரோடும் பேச்சு இல்லை. "நாளைக்காவது நான் ஓட்டறேன்" என்று என் கணவர் சொல்லி, வண்டியை எடுத்திருப்பது என் பெயரில்தான் என்று நான் சொல்லி, "அண்ணனை இப்படி உக்கார வெச்சு அவமானப்படுத்தறீங்களே அண்ணி" என்று நாத்தனார் சொல்லி, காரிலேயே சண்டை முடிந்திருந்தது. திருச்சி மாவட்டத்திலேயே அதிகம் சத்தம் போடக்கூடிய நாலு பேர், கரடி வாழும் காட்டில் ஊமையாக நடந்தோம். கடைசியில் பயம் தாங்காமல் நாத்தனார்தான் "கோவிந்தா" என்று குரல் கொடுத்தாள். நாங்கள் மூன்று பேரும் "கோவிந்தா" என்றோம். எங்களுக்குள் பேசாமலே அந்தப் பாதையை அப்படித்தான் கடந்தோம்.

காடு எப்படி இருந்தது என்று சொல்லாமல் விட்டால் பாவம். மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. ஒரு ஏரியில் மலை தலைகீழாகத் தெரிந்தது. காற்றுக்கு ஒரு மணம் இருந்தது, ஈர மரப்பட்டை மணம். அந்த அழகு என்னை அசைத்துவிட்டது. அதைப் பார்க்க இன்னும் நல்ல துணையோடு வந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

மறுநாள் மலைக்கு மேலே ஏறி மறுபக்கக் கடற்கரைக்கு இறங்க வேண்டும். ஏற ஏற மூடுபனி. மேலே உச்சியில் எதுவும் தெரியவில்லை. தூரத்துத் தீவு தெரியும் என்று வீடியோவில் சொன்ன இடத்தில் வெள்ளைச் சுவர் நின்றது. நாத்தனார் அந்தச் சுவரையும் போட்டோ எடுத்தாள். இறங்கத் தொடங்கியபோது பனி கொஞ்சம் விலகி, பிறகு மறுபடி மூடியது. நான் ஊர்ந்துதான் போனேன். ஒரு வளைவு திரும்பினேன். சாலையின் நடுவே அது நின்றது.

நான் பார்த்த வீடியோக்களில் கரடி அழகாக இருக்கும். இது அழகாக இல்லை, பெரிதாக இருந்தது. பழுப்பு நிறத்தில், தோள்பட்டை திமில் போல எழும்பி, தலையைத் தாழ்த்தி எங்கள் விளக்கைப் பார்த்தது. பின்னால் புதருக்குள்ளிருந்து ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. நான் பிரேக்கை அழுத்தினேன். என் கணவரும் அழுத்தினார்.

"ஹாரன் அடி" என்றார். குரல் கிறீச்சிட்டது. "அடி, ஹாரன் அடிம்மா!"

"அடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

"அந்தப் பச்சைச் சட்டைக்காரன் என்னத்தக் கண்டான்? அடிச்சா ஓடிடும்!" என்று சொல்லிக்கொண்டே குறுக்கே கையை நீட்டி ஸ்டியரிங்கின் நடுவில் வைத்தார். காவேரிப் பாலத்தில் குறுக்கே வரும் மாட்டை அப்படித்தான் விரட்டுவார். பின்சீட்டில் நாத்தனார் கோவிந்தனை விட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். தாய்க்கரடி ஓர் அடி முன்னால் வைத்தது.

"கையை எடுங்க" என்றேன்.

நான் கத்தவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குச் சொல்கிற குரல், வீட்டில் அதுவரை பயன்படுத்தியதில்லை. அவர் கையை எடுத்துவிட்டார்.

பிறகு ரிவர்ஸ் போட்டேன். பின்னால் கேமரா இருந்தது, ஆனால் அதன் திரையில் பனித்துளியும் சேறும்தான் தெரிந்தன. உடம்பைத் திருப்பி, நாத்தனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். சாலையோர அம்புகள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வந்தன, அவற்றைப் பிடித்துக்கொண்டே வளைவு முழுவதையும் பின்னோக்கி எடுத்தேன். மாப்பிள்ளை ஒரு வார்த்தை விளக்கவில்லை. எந்தத் தூணிலும் உரசவில்லை. நேர்சாலைக்கு வந்து, ஓரத்தில் நிறுத்தி, விளக்கைத் தாழ்த்திக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் தாயும் குட்டியும் வளைவில் தெரிந்து, எங்களைச் சட்டை செய்யாமல் சாலையைக் கடந்து கீழே இறங்கிப் போயின. அவ்வளவு சந்தோஷமாக நான் ரொம்ப நாளாக இருந்ததில்லை.

மறுபக்க ஊருக்கு இறங்கினோம். வழி முழுக்க என் கணவரின் கால் அசையாமல் இருந்தது. இனி எல்லாம் மாறிவிடும் என்று நினைத்தேன். அது என் தவறு.

மத்தியானமே பங்கு பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாத்தனார் சொன்னாள், "அந்த ஊறுகாய் திருஷ்டி கழிச்சதாலதான் தப்பிச்சோம் அண்ணி." மாப்பிள்ளை, அந்தக் காரின் பின்சக்கரப் பிடிமானம் பற்றிச் சொன்னார். என் கணவர், "கேமரா இருந்தா யார் வேணா எடுக்கலாம்" என்றார். ஊருக்கு வந்து முதல் வாரத்தில், அவர் "மெதுவா ரிவர்ஸ் எடுன்னு சொன்னேன், எடுத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரத்தில் "ரிவர்ஸ் எடுத்தோம்" என்று ஆனது. பக்கத்து ஃப்ளாட்காரரிடம் சொல்லும்போது நான் அந்தக் காரிலேயே இல்லை. கரடி மட்டும் வாரா வாரம் வளர்ந்தது. கதை கேட்க வந்த விருந்தாளிகளை வழக்கம்போல் கீழே அழைத்துப் போய் விடை கொடுத்தார். பின்கதவில் என் கோலம் அப்படியே இருந்தது.

ஆனால் ஒன்று செய்தார். ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து வந்து, ஒரு கவரை என்னிடம் நீட்டினார். உள்ளே என் லைசென்ஸின் கலர் ஜெராக்ஸ், லேமினேஷன் போட்டது, ஓரமெல்லாம் அழகாக வெட்டியது.

"ஒரிஜினல்?" என்றேன்.

"பீரோல வெச்சுட்டேன். அது எவ்வளவு முக்கியமான டாக்குமென்ட்டுன்னு அங்க பாத்தல்ல? ஹேர்பின்னோட போட்டு வெக்கறியே."

பல வருஷமாகக் கேட்பாரற்றுக் கிடந்த என் லைசென்ஸுக்கு மரியாதை வந்துவிட்டது. மரியாதை வந்ததும் அது உள்ளே போய்விட்டது. சரி, சாவியைக் கொடுங்கள், திருவானைக்காவல்வரை போய்விட்டு வருகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் துளி சிரிப்பு இல்லை.

"ஒரிஜினல் இல்லாம எப்படி ஓட்டுவ?"

தன் வாழ்நாள் முழுக்க ஜெராக்ஸை நம்பி ஓட்டிய மனிதர். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களோடு பேசினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லால்குடியில் அத்தான் வீட்டுக் கிரகப்பிரவேசம். கரடியைக் கேட்க அங்கே ஒரு கூட்டமே காத்திருந்தது. இவர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, சாவியைத் தேடினார். வேறு பேன்ட் பாக்கெட்டிலும் தேடினார். பிறகு கீழே வந்தார். நான் டிரைவர் சீட்டில் இருந்தேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஜன்னல் பக்கம் குனிந்தார். "என்ன இது? ஒரிஜினல் பீரோல இருக்கு, போலீஸ் பிடிச்சா என்ன சொல்லுவ?"

கைப்பையிலிருந்து என் அட்டையை எடுத்துக் காட்டினேன். மூலையில் ஹேர்பின் கீறிய தழும்போடு.

"பீரோல இப்ப உங்களோடது மட்டும்தாங்க இருக்கு" என்றேன். "பத்திரமா இருக்கு."

அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து ஃப்ளாட்காரர் பால் வாங்கிக்கொண்டு வந்தார், என்ன சார் விசேஷமா என்று கேட்டார். இவர் காரைச் சுற்றிக்கொண்டு இடதுபக்கக் கதவுக்குப் போனார். உட்கார்ந்து பெல்ட்டைத் தேடினார்.

ரிவர்ஸ் போட்டேன். எங்கள் காரில் கேமரா கிடையாது. தூண் பின்கதவுக்குப் பக்கத்தில் வந்தது, நகர்ந்தது, முன்னால் போய்விட்டது. அவர் தூணையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கொள்ளிடம் பாலத்தில் எதிரே ஒரு பஸ் முட்டுகிற மாதிரி வந்தபோது, "ஹார..." என்று ஆரம்பித்தார். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் ஹாரன் அடித்தேன். இது திருச்சி.